இரண்டு இன்ச்

சாந்தோமில் தன் வீட்டு வாசலில் எஸ்யூவியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றியிருந்தார் பிலிப்.

"இன்னா பிலிப் சார், ஸ்பிரிங்கை மாத்துறீங்களா?" என்றார் பக்கத்து வீட்டு மேத்யூ.

"ஆமா. குட்டை ஸ்பிரிங் போடறேன். வண்டி ரெண்டு இன்ச் இறங்கும்."

"மழைக்காலம் வருது. ஊரே வண்டியை எப்படி உசத்தலாம்னு பார்க்குது, நீங்க இறக்குறீங்க!"

"இறக்கினாதான் ஸ்டைலு, மேத்யூ."

ஜன்னலுக்குள்ளிருந்து பிலிப்பின் மனைவி டோரதியின் குரல் வந்தது. "அறுபது வயசுல புத்தி போற போக்கைப் பாருங்க! பீச் ரோட்டுல ரேஸ் விடற பசங்க பண்ற வேலை இது. என்கிட்ட படிச்ச புள்ளைங்க பார்த்தா சிரிக்கும்."

பிலிப் போல்ட்டை முடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை, வற்புறுத்தி டோரதியைப் பூசைக்குக் கிளப்பினார். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவரை பிலிப்தான் இடுப்பைப் பிடித்து வண்டியில் தூக்கி ஏற்றுவார். கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் அப்படி ஏற வெட்கப்பட்டே டோரதி பூசைக்குப் போவதை நிறுத்தியிருந்தார்.

பிலிப் கதவைத் திறந்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டோரதி கைப்பிடியைப் பற்றினார், காலைத் தூக்கி வைத்தார், தானே ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார்.

"பார்த்தீங்களா? மாதாவுக்கு நவநாள் ஜெபம் சொன்னேன், முட்டி சரியாயிடுச்சு."

"ஆமா டோரதி."

"முதல்ல இந்த வண்டியைப் பழையபடி உசத்துங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கு."