கழற்றி வைத்த துப்பாக்கி

ஹெலிகாப்டரின் மூக்குக்கு அடியில் இருந்த நான்கு குழல் சுழல் துப்பாக்கியை நேற்றே கழற்றிவிட்டார்கள். ஆயுதப் பட்டறையில், பழுதுபார்ப்பவளின் மேசைமேல் அது அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. காலையில் அவள் துடைத்தபோது நான்கு குழல்களும் சில்லென்றிருந்தன.

மதியம் அவளுடைய தம்பி வந்தான். அவன்தான் அந்த ஹெலிகாப்டரின் விமானி. துப்பாக்கி இல்லாமலே வேவு பார்க்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காராமல் மேசையையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"நல்லவேளைக்கா, இது வண்டியில இல்ல. ஆத்தங்கரையில ஒரு கும்பல் தெரிஞ்சுது. எதிரின்னு நினைச்சு, பழக்கதோஷத்துல சுடுற பொத்தான அழுத்திட்டேன். அப்புறம் தாழப் பறந்து பார்த்தா, துணி துவைக்கிற பொம்பளைங்க."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"எப்படி ஆகும்? துப்பாக்கிதான் உன்கிட்ட இருக்கே." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஆனா தலைக்கு மேல ஹெலிகாப்டர் போட்ட அவ்வளவு சத்தத்துக்கும் ஒருத்திகூட நிமிர்ந்து பாக்கலக்கா. குனிஞ்சது குனிஞ்சபடியே இருந்தாங்க."

அவள் ஒரு குழலை நகர்த்தப் போய், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"நீ போய்ச் சாப்பிடுடா."

அவன் தொட்டுவிடுவதற்குள், வாளியில் கிடந்த ஈரத்துணியை எடுத்து நான்கு குழல்களையும் மூடினாள்.

துணியிலிருந்து ஆவி எழுந்தது.