ஸ்டாமென் வைத்த உயரம்

ஸ்லாவ்காவின் காரைத் திருடி வழியில் விட்டுப்போனவர்கள் ஸ்டியரிங் பூட்டை உடைக்க முறுக்கியதில் தண்டே பிளந்திருந்தது. பின்கண்ணாடியில், எங்கள் ஊர் வழக்கப்படி, அவள் புருஷன் ஸ்டாமெனுடைய சாவு அறிவிப்பு படத்தோடு ஒட்டியபடியே இருந்தது.

"செத்தவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே திருடியிருக்கானுங்க, நாய்ங்க," என்றேன்.

"பழைய தண்டையே ஒட்டவச்சுக் குடு, தம்பி. வயிறு இடிக்குதுன்னு அவரு ஸ்டியரிங்க மேல தூக்கி வச்சது. நான் எறக்கவே இல்ல."

"இத்தன நாளும் எக்கி எக்கியா ஓட்டுன? ஒட்டவச்சா வளைவுல கையோட வந்துரும்க்கா."

அவள் அழுதுகொண்டே போனாள். ப்ளோவ்டிவ் நகரத்துப் பழைய இரும்புக்கடையில் வேறு தண்டு வாங்கி மாட்டினேன். அவள் குள்ளம் என்பதால் ஸ்டியரிங்கை இறக்கி, உயரத்தைப் பூட்டும் பிடியை இறுக்கினேன். சீட்டை முன்னால் தள்ளிவிட்டுப் பட்டறையைப் பூட்டினேன்.

காலையில் ஸ்டியரிங் உச்சியில் நின்றது. சீட் பின்னால் போயிருந்தது. மறுபடி இறக்கி இறுக்கி, முழு எடையோடு தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. வாசலுக்குப் போய், கார் எடுக்க வந்திருந்த ஸ்லாவ்காவைக் கூட்டிவந்தபோது மீண்டும் உச்சியில் இருந்தது. பிடி இறுக்கியபடியே இருந்தது.

"நீயா வச்ச, தம்பி?"

"ஆமாக்கா," என்று பொய் சொன்னேன்.

சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. காரைச் சுற்றிப் போய், ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"சாவிய அதுலயே போட்டு வை, தம்பி," என்றாள்.