கப்ளர் ஒழுகுது

"கழட்டிடு. எனக்கு இந்தக் கப்ளரே வேணாம். பழையபடி பின் போட்டுக் கொடு!"

வண்டி பட்டறைக்குள் நின்றதும் நிற்காததுமாகக் கணவன் சொல்லிவிட்டான். ஓட்டி வந்த மனைவி சீட்டிலிருந்து இறங்கக்கூட இல்லை. அங்கிருந்தே கத்தினாள்.

"அண்ணே, அவர் பேச்சைக் கேட்காதீங்க! இந்த வண்டியிலேயே எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்."

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. கப்ளர் மாட்டித் தரச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள். கழற்றச் சொல்லி வந்த முதல் ஆள் இவன்தான். மண் தோண்டும் வண்டியின் கையில், பக்கெட்டைக் கவ்விப் பிடிக்கிற கொக்கிதான் கப்ளர். சீட்டில் உட்கார்ந்தபடியே ஸ்விட்சைத் தட்டினால் போதும், பெரிய பக்கெட்டைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டிக்கொள்ளலாம். பின் என்றால் அந்தச் சொகுசு கிடையாது. ஒருவர் மேலே இருந்து ஓட்டைகளை நேர்ப்படுத்த வேண்டும். இன்னொருவர் கீழே நின்று, மணிக்கட்டுப் பருமனில் இருக்கும் அந்த இரும்புப் பின்னைச் சம்மட்டியால் அடித்து ஏற்ற வேண்டும்.

"ஏன் மாப்ளே, நல்லாத்தானே இருக்கு?"

"எங்க நல்லா இருக்கு? ஒழுகுது. காலையில பார்த்தா வண்டிக்குக் கீழே ஆயில் தேங்கிக் கிடக்கு. என்னிக்காவது பிடி விட்டுப்போய், பக்கெட் யார் தலையிலயாவது விழுந்தா?"

"ஒரு சீல் மாத்தினா சரியாப் போயிடும். அதுக்குப் போய் முழுசாக் கழட்டணுமா?" மனைவி இறங்கி வந்தாள். "பின்னு போட்டா நான் மேல இருப்பேன். கீழே நின்னு யாரு அடிக்கிறது? பேயா வந்து அடிக்கும்?"

"நான் இருக்கேன்ல?"

"நீங்களா!" என்று உதட்டைப் பிதுக்கியவள், முகம் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

மெக்கானிக் கப்ளரைத் துணியால் துடைத்தான். எஞ்சினை ஓடவிட்டுப் பூட்டித் திறந்து பார்த்தான். கப்ளருக்கு ஆயில் போகிற ஹோஸ்களைத் தடவினான். விரலில் பிசுபிசுப்புக்கூட இல்லை.

"மாப்ளே, ஒரு சொட்டு ஒழுகலையே?"

கணவன் குழாயடியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"தெரியும். ஊத்தினதே நான்தான்."

"என்னது?"

"ஷெட்டுல ஆயில் கேன் இருக்கு. அவ முழிக்கிறதுக்கு முன்னாடி போய்க் கொஞ்சம் ஊத்திட்டு, வந்து படுத்துக்குவேன்."

மெக்கானிக் சிரித்துவிட்டான். எதிரில் இருந்தவன் சிரிக்கவில்லை.

"கண்ணு மங்கினதும் டாக்டர் சீட்டுல உட்காரவே கூடாதுன்னுட்டாரு. தூரம்தான் புகையாத் தெரியுது. கிட்டத்துல எறும்பு போனாக்கூடத் தெரியும். இப்ப அவ ஓட்டுறா. நல்லாவே ஓட்டுறா, எனக்கு அதுல வருத்தமில்ல. 'சும்மா கூட வாங்க, நிழல்ல உட்காருங்க'ன்னு கூப்பிடுறா. நிழல்ல உட்கார நான் என்ன விருந்தாளியா? இந்தக் கப்ளர் இருக்கிற வரைக்கும் அவளுக்கு இன்னொரு ஆள் தேவையில்ல. பின்னா இருந்தா தேவை. அவ்வளவுதான்."

மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா நம்புவா."

வந்தால் பட்டறையே அதிரும்படி பேசுகிற ஆள், இப்படிக் கெஞ்சுவதை மெக்கானிக்கால் பார்க்க முடியவில்லை. அவள் ஈர முகத்தைத் துடைத்தபடி வந்ததும் உச்சுக்கொட்டினான்.

"தங்கச்சி, மாப்ளே சொன்னதுதான் சரி. உள்ளே சிலிண்டரே போயிடுச்சு. பின்னு போட்டுடலாம். கனமும் குறையும், மண்ணையும் நல்லா அழுத்தித் தோண்டலாம்."

கடைசியில் சொன்ன இரண்டும் உண்மை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"என் தலையெழுத்து! வேலையையும் பார்த்துக்கிட்டு இனிமே இவரையும் கட்டி மேய்க்கணுமா?" என்று அலுத்துக்கொண்டே அவள் சீட்டில் ஏறினாள்.

கப்ளர் கீழே இறங்கியது. மெக்கானிக் ஹோஸ் முனைகளை அடைத்து மூடி முடிப்பதற்குள் கணவன் சம்மட்டியைக் கையில் எடுத்துவிட்டான். பக்கெட்டின் பக்கத்தில் குனிந்து, ஒரு கையை உயர்த்தினான்.

"தூக்கு... இன்னும் கொஞ்சம்... போதும் போதும்! மயிரிழை இறக்கு!"

ஓட்டை நேராகிவிட்டதா என்று மெக்கானிக் விரலை நீட்டினான்.

"விரலை எடுய்யா! வண்டிக்கை ஒரு இம்மி அசைஞ்சா துண்டாயிடும். கண்ணு எதுக்கு இருக்கு?"

பட்டறை அதிர்ந்தது. திட்டு வாங்கியதில் மெக்கானிக்குக்கு அத்தனை சந்தோஷம். கணவன் சம்மட்டியால் அடித்ததும் பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"இதை நேராப் பிடிக்க இவ்வளவு நேரமா உனக்கு?"

"நீங்க ஒழுங்காக் கை காட்டினாத்தானே!"

"நாளைக்குக் காட்டுறேன் பாரு!"

"நாளைக்கு வெள்ளென கிளம்பணும். எழுந்திருப்பீங்களா?"

"உனக்கு முன்னாடி எழுந்திருப்பேன்" என்றவன், சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியின் டூல்ஸ் பெட்டியைத் தேடிப் போனான். நடையிலேயே ஒரு மிடுக்கு வந்திருந்தது.

அவன் அந்தப் பக்கம் மறைந்ததும் அவள் கீழே இறங்கி வந்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே. எங்கே உண்மையைப் போட்டு உடைச்சுடுவீங்களோன்னு உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டே இருந்தேன். நானும் உடனே சரின்னு சொல்லியிருந்தா, பாவம் பார்க்கிறேன்னு நினைச்சு என்கூட வேலைக்கு வரவே மாட்டார்."

மெக்கானிக் அவளைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ... ஆயில் விஷயம் உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அவர் ஊத்த ஊத்த, அந்தக் கேனை நிரப்பி நிரப்பி வெச்சதே நான்தானே!"