கிட்டார்ப் பெட்டியில் ஓர் அப்பளம்

மழைக்காலம் தொடங்கியதும் எட்வின் கிட்டாரோடு ஓர் அப்பளத்தையும் பெட்டிக்குள் வைத்துவிடுவான். ஈரத்தை அளக்க வாங்கிய கருவி எந்நாளும் ஒரே எண்ணைக் காட்டியதால் அதை நம்புவதை விட்டுவிட்டான். அப்பளம் பொய் சொல்லாது. காலையில் எடுத்து லேசாக வளைத்துப் பார்ப்பான். துவண்டு தொங்கினால் உள்ளே ஈரம் ஏறிவிட்டது, மரம் உப்பிவிடும். பட்டென்று ஒடிந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, மரம் வெடித்துவிடும். கிறிஸ்துமஸ் கீதம் பாட வீடு வீடாகப் போகும்வரை கிட்டார் தாங்கியாக வேண்டும். சபையில் வேறு கிட்டார் கிடையாது.

அன்று அடைமழையில் மாமனார் வந்திருந்தார். எட்வின் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டில் ஒற்றை அப்பளம் பொன்னிறமாக உப்பியிருந்தது.

"இது ஏது?" என்றான் மனைவியிடம்.

"உங்க பெட்டியில இருந்ததுதான். அப்பாவுக்கு அப்பளம் இல்லாம சோறு இறங்காது. இந்த மழையில கடைக்கு யாரு போறது?" என்றாள் ஹெப்சிபா.

இப்போது எட்வினுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் அதை வளைத்துப் பார்க்க மறந்திருந்தான்.

மாமனார் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டார். நொறுங்கும் சத்தம் அடுக்களைவரை கேட்டது.

"ஈரம் ஏறியிருந்தா இப்படிப் பொரியாது மாப்ள. நம்பி எடுத்து வாசிங்க."

எட்வின் பெட்டியைத் திறந்து, கம்பிகளை ஒருமுறை மீட்டினான். மாமனார் அதற்குள் அடுத்த துண்டை வாயில் போட்டிருந்தார். அந்த நாதம் முழுக்க அடங்கும்வரை அவர் அதை மெல்லவே இல்லை.