முப்பத்தோராவது பாட்டில்

கணினித் திரையில் வெளிநாட்டு விஞ்ஞானி அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தார், துடைத்தார், கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும்.

இந்தப் பக்கம் ஆராய்ச்சிக்காரி பேனாவோடு காத்திருந்தாள்.

தொழிற்சாலை ஓரத்துத் தெருக்களில் நாற்பது தாய்மார்களின் தாய்ப்பாலைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் சேகரித்து, உறையவைத்து, கடல் தாண்டி அனுப்பியிருந்தாள். குடிதண்ணீரில் கலந்த ரசாயனம் பாலிலும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது.

வழியில் கொஞ்சம் உருகினாலும் போச்சு, அத்தனையும் பாழ். அதற்காகப் பெட்டி நிறையப் பனிக்கட்டியைக் கொட்டி, தன் கையாலேயே மூடி ஒட்டினாள்.

பாட்டிலில் பெயர் கிடையாது, எண் மட்டும். எது யாருடையது என்று அந்தப் பக்கம் தெரியக் கூடாது. எந்த ஒன்றைப் பற்றியும் தனியாக விசாரிக்கவும் கூடாது. இந்த விதியை எழுதியதே அவள்தான். தன் வாய்க்குத் தானே பூட்டு!

முப்பத்தொன்று அவளுடையது. அவளும் அதே தெருக்களில் ஒன்றில்தான் குடியிருக்கிறாள்.

"பயப்படாம பால் குடுங்கம்மா" என்று மற்ற தாய்மார்களுக்கெல்லாம் தைரியம் சொன்னவள், வீட்டுக்கு வந்து தன் குழந்தைக்குப் பவுடர் பாலைக் கரைத்தாள். ஊருக்குத்தானே உபதேசம்! குழந்தையோ புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவள் குளியலறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

வீட்டுக்காரருக்கு வேறு கவலை. ஒரு மாதமாகக் குழந்தையின் மஞ்சள் சாக்ஸில் ஒன்றைக் காணோம்.

"நடக்கவே தெரியாத புள்ள, ஒத்த சாக்ஸை எங்க போய்த்தான் தொலைச்சிட்டு வந்துச்சோ!" என்று இன்று காலைகூடக் கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடினார். இவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

அம்மாள் ஒருவழியாகக் கண்ணாடியை மாட்டினார். அவருடைய இங்கிலீஷும் இவளுடைய இங்கிலீஷும் பாதி வழியில் சந்தித்து எப்படியோ ஒப்பேற்றிக்கொள்ளும். எண்களைச் சொல்ல அது போதும்.

ஒன்றிலிருந்து தொடங்குவார். முப்பதைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு" என்றார் அம்மாள். "சுத்தமா இருக்கு. ஒரு பயமும் இல்ல."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. உடம்புக்குத்தான் முதலில் புரிந்தது. மார்பு கனத்து, சட்டை நனைந்தது. மேஜையிலிருந்த ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஏன் அந்த எண்ணிலிருந்து தொடங்கினார்? அம்மாளே குனிந்து எதையோ எடுத்து, கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். கட்டை விரலில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவு சின்னது. மஞ்சள் நிறம். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அடக் கடவுளே! இவள் வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மற்ற முப்பத்தொன்பதும் பாக்கி இருந்தன. ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"பவுடர் டப்பாவை மூடி வைங்க. மத்த அம்மாங்களோடதையும் கேட்டுட்டு ஓடி வந்துடறேன். அப்புறம்... அந்த சாக்ஸைத் தேடாதீங்க. பெட்டியில அவ்வளவு ஐஸ்... நம்ம பாட்டிலுக்குக் குளிருமேன்னு நான்தான் மாட்டி விட்டேன்."