கோவளம் போய் வந்த வண்டி

இறந்துபோன கணவர் கடற்கரை மணலில் ஓட்டிய பழைய மூன்றுசக்கர வண்டியை, ஈக்காட்டுத்தாங்கல் மெக்கானிக் வலியுல்லாவிடம் நீரஜா ஒப்படைத்திருந்தாள். அவர் இன்ஜினைப் பிரித்துச் சரிபண்ணி, செல்ஃப் ஸ்டார்ட்டரும் கிலோமீட்டர் காட்டும் மீட்டரும் புதிதாகப் பொருத்தினார்.

தொண்ணூற்று மூன்று மார்கழியில் ஒருநாள், விடிகிற நேரத்தில், பட்டினப்பாக்கம் கடற்கரையில் டேங்கை நிரப்பிக் கொடுத்தார்.

"அந்தப் படகைச் சுத்திண்டு வந்துடறேன் பாய்."

அவர் டீ ஆறுவதற்குள் திரும்பிவிட்டாள். டேங்க் காலி. பூஜ்யத்தில் இருந்த மீட்டர் அறுபத்திரண்டு கிலோமீட்டர் காட்டியது. வலியுல்லா தட்டிப் பார்த்தார். நகரவில்லை.

"கோவளம் வரைக்கும் எங்காத்துக்காரர்தான் வழி காட்டிண்டே வந்தார். ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேனா?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றவர், அவள் உட்காரத் தன் துண்டை மணலில் விரித்தார்.

அவள் முகமும் கைகளும் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தன. சூரியன் அப்போதுதான் கடலைவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது.