ரோச் கேட்காத கேள்விகள்

தூத்துக்குடியில் பொய் சொல்லாதவை இரண்டே இரண்டு. ஒன்று முயல் தீவு வெளிச்சவீடு. மற்றது ஏசுவடியான்.

உலகச் சண்டைக்காக வெளிச்சவீட்டை இருட்டாக்கிவிட்டார்கள். ஆகவே இப்போதைக்கு மிச்சம் தான் ஒருவன்தான் என்று ஏசுவடியான் மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் சொல்லிவந்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் துபாஷ் வேலை. வெள்ளைக்கார டாக்டர் துரைக்குத் தமிழ் வராது. நோயாளிக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஏசுவடியான். வந்த சொல்லில் ஒன்றைக் கூட்ட மாட்டார், ஒன்றைக் குறைக்க மாட்டார். ஊரே குரலைத் தாழ்த்தி 'அந்தச் சீக்கு' என்கிற இடத்தில் அவர் 'புற்று' என்பார், ரயில் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவுகிற மாதிரி.

அவருக்கு ஆகாத கூட்டம் ஒன்று உண்டு. தன் நோயை அடுத்தவர் பேரில் கொண்டுவருகிறவர்கள். ஒரு டீச்சரம்மா, 'எங்க பள்ளிக்கூடத்துல இன்னொரு டீச்சருக்கு' என்று சொல்லிக்கொண்டே கட்டியின் அளவைத் தன் முந்தானைக்குள் தொட்டுப் பார்த்துச் சொன்னாள். கருப்பட்டி மண்டி காசிலிங்கம், மச்சானுக்கு வாயில் புண் என்று ஆரம்பித்தார். எந்த இடம் என்று துரை கேட்டதும் தன் வாயைத் திறந்து காட்டினார்.

"மச்சான் வாயைக் கடன் வாங்கிட்டு வந்தியளா, அண்ணாச்சி?"

வராந்தாவே சிரித்தது. காசிலிங்கம் சிரிக்கவில்லை. அப்புறம் வரவும் இல்லை.

சோறு என்றால் எனக்கு, சீக்கு என்றால் அடுத்த வீட்டுக்காரனுக்கு; இதுதான் இந்த ஊர் வேதம் என்பார் ஏசுவடியான்.

சாயங்காலம் அவர் கிளப்புக் கடையில் சாப்பிடுவார். அங்கே பேச வேண்டியதில்லை. விரலைக் காட்டினால் போதும், வந்துவிடும். கொஞ்ச நாளாக விரல் கஞ்சியை மட்டும் காட்டுகிறது. பிறகு வாடகை அறை. பகலெல்லாம் ஊரார் வலியை ஒழுங்கான இங்கிலீஷில் பேசிய வாய், பூட்டைத் திறந்து உள்ளே போனதும் மறுநாள் காலை வரை சும்மா கிடக்கும்.

இன்று முக்காலிக்கு எதிரே ரோச். தருவைகுளத்துக்காரன், சங்கு குளிப்பவன். அவன் முதுகுக்குப் பின்னால் மனைவி மெட்டில்டா, அவன் துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு.

துரை டார்ச் அடித்து ரோச்சின் கன்னத்து உட்புறத்தைப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். ஏசுவடியானும் சொன்னார்.

"புற்று."

மெட்டில்டா மாதாவைக் கூப்பிட்டாள். ரோச் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"திரும்பக் கடலுக்குப் போவனா, அண்ணாச்சி?"

சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டான். தெற்கே மிஷன் ஆஸ்பத்திரியில் ரேடியம் வைப்பார்கள். போயிலையை விட வேண்டும். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் போகலாம் என்றே தோன்றுகிறது. துரை சொன்னதை, அந்தத் 'தோன்றுகிறது' உட்பட, ஏசுவடியான் அப்படியே இறக்கி வைத்தார்.

ரோச் எழுந்திருக்கப் போனான்.

"இரும் வே," என்றார் ஏசுவடியான். துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார்: "இதே புண் நாக்குக்கு அடியில் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார், சார்."

துரை பொறுமைசாலி. அது கொஞ்சம் சிரமம் என்றார்.

"போன கிறிஸ்மஸிலிருந்து இருந்தால்?"

இன்னும் சிரமம்.

"கழுத்திலும் கட்டி வந்திருந்தால்?"

துரை எட்டி ரோச்சின் கழுத்தை மறுபடி தடவினார். கட்டி இல்லையே என்றார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறார் சார், ஆள் பயந்த சுபாவம், என்றார் ஏசுவடியான். கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுறாவை நேருக்கு நேர் பார்த்துவந்த ரோச், ஒன்றும் விளங்காமல் துரையைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான்.

அப்படியானால் ரேடியம் உதவாது, என்றார் துரை. சில மாதங்கள்தான். வலிக்கு மருந்து உண்டு. ஆனால் கஞ்சி ஊட்ட, புரட்டிப் படுக்கவைக்க, ராத்திரியில் கூப்பிட்டால் ஏன் என்று கேட்க, பக்கத்தில் ஆள் வேண்டும். இவ்வளவு பயப்படுகிறாரே, இவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லும்.

ஏசுவடியானின் கை தன் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டது.

"என்ன சொல்லுதாரு தொரை?" என்றான் ரோச். "இம்புட்டு நேரமா ஓடுதே. எதும் மோசமா?"

"உமக்கு ஒண்ணுமில்ல வே. இந்த வருசம் சங்கு எப்படின்னு கேக்காரு."

ரோச்சின் முகம் விரிந்தது. வெள்ளைக்காரத் துரை தன்னிடம் தொழில் விசாரிக்கிறார்.

"அள்ளிக் குடுக்குது அண்ணாச்சி! தொரையை ஒருநா நம்ம ஊருக்கு வரச் சொல்லுங்க. அண்ணன் தம்பி, மச்சினன்மாரு, வள்ளத்து ஆளுவ, அம்புட்டுப் பேருக்கும் நம்ம முத்தத்துலதான் சோறு. எப்பமும் திருவிழாக் கூட்டம். ஏளா, நீ சொல்லு!"

"ஆமா, வடிச்சுக் கொட்டுதவளுக்குல்லா தெரியும்," என்று மெட்டில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

துரை பதிலுக்குக் காத்திருந்தார்.

ஏசுவடியான் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருமில்லை என்கிறார், சார்."

துரை மெட்டில்டாவைப் பார்த்தார்.